பி மை ஐஸ் செயலி: முகம் தெரியாதவருக்கு இரண்டு நிமிடம்

டப்பாவில் காலாவதித் தேதி என்ன, கையில் இருப்பது கறுப்புச் சட்டையா கருநீலமா, துணி துவைக்கும் இயந்திரத்தின் திருகு எந்த எண்ணில் நிற்கிறது? பார்வையற்ற ஒருவர் இதற்கெல்லாம் தினமும் தெரிந்தவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்க முடியாது. அவர்கள் சலித்துக்கொள்ளாவிட்டாலும் கேட்பவருக்குக் கூச்சம் வந்துவிடும். பி மை ஐஸ் செய்வது ஒன்றுதான்: அந்தக் கேள்வியை எங்கோ இருக்கும் ஓர் அந்நியரிடம் வீடியோ அழைப்பாகக் கொண்டுசேர்க்கிறது. கேட்டவருக்கு விடை கிடைத்ததும் அழைப்பு முடியும். தொலைபேசி எண் கைமாறாது, நன்றிக்கடனும் மிஞ்சாது.

தொடங்கியவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் யோர்கன் வீபர்க். அவரும் பார்வைக் குறைபாடு உள்ளவர். செயலி 2015 ஜனவரியில் ஐபோனுக்கும் 2017இல் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. இரு தரப்புக்கும் இலவசம்.

நிறுவும்போது, உதவி வேண்டுபவரா அல்லது தன்னார்வலரா என்று கேட்கும். அடுத்து மொழி. இதை அவசரத்தில் தாண்டிவிடாதீர்கள். அழைப்புகள் மொழியும் நேரமண்டலமும் பார்த்துத்தான் பிரிக்கப்படுகின்றன. தமிழோடு சரளமாகப் பேசவரும் இன்னொரு மொழியையும் சேர்த்தால் அழைப்பு வர வாய்ப்பு கூடும். தட்டுத்தடுமாறிப் பேசும் மொழியைச் சேர்க்க வேண்டாம், கேட்பவருக்கு அது இரட்டைச் சுமை.

பிறகு காத்திருப்புதான். தன்னார்வலர்கள் பல லட்சம் பேர். உதவி கேட்போர் அவர்களில் சிறு பங்கே. ஓர் அழைப்பு ஒரே சமயத்தில் பலருடைய போனில் அடிக்கும், முதலில் எடுப்பவருக்குக் கிடைக்கும். கொஞ்சம் தாமதித்தாலும் வேறொருவர் எடுத்துவிட்டார் என்ற செய்திதான் மிஞ்சும். வாரக்கணக்கில் ஒன்றுமே வராதது இந்தச் செயலிக்கு இயல்பு. தன்னார்வலர்கள் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். எங்கள் கணக்கில் இதுதான் இதன் பெரிய பலம், ஏனென்றால் மறுமுனையில் இருப்பவர் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் மாதக்கணக்கில் மணியே அடிக்கவில்லை என்றால் போனின் பேட்டரி சேமிப்பு அமைப்பைப் பாருங்கள். பல ஆண்ட்ராய்டு போன்கள், அடிக்கடி திறக்காத செயலியைத் தூங்கவைத்து நோட்டிஃபிகேஷனையும் நிறுத்திவிடும்.

அழைப்பை எடுத்தால் அவருடைய கேமரா காட்டுவது உங்களுக்குத் தெரியும், உங்கள் முகம் அங்கே போகாது. பேச்சு மட்டும் இருவழி. உதவியின் தரம் இனி முழுக்க உங்கள் சொற்களில்தான் இருக்கிறது. ‘இங்கே’, ‘அங்கே’, ‘அந்தப் பக்கம்’ மூன்றும் பயனற்றவை. ‘இடப்பக்கம் நகர்த்துங்கள்’ என்பதும் பாதிச் சொல்தான்: போனையா, பொருளையா? ‘பொருள் அப்படியே இருக்கட்டும், போனை இரண்டு விரற்கடை இடப்பக்கம்’ என்றால் ஒரே முறையில் முடியும். எழுத்து மங்கலாக இருந்தால் பெரும்பாலும் போன் மிக அருகில் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு சாண் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். படம் ஒரேயடியாக இருட்டாக இருந்தால் அறையில் விளக்கே எரியாமல் இருக்கலாம், அவருக்கு அது தேவைப்பட்டிருக்காது. விளக்கையோ டார்ச்சையோ போடச் சொல்லலாம். பளபளப்பான உறையில் டார்ச் வெளிச்சம் எழுத்தின்மேலேயே தெறிக்கும். அப்போது பொருளைச் சற்றுச் சாய்க்க வேண்டும்.

தேதியை எண் எண்ணாகப் படியுங்கள். 04/05 என்று இருந்தால் ‘நான்கு, சாய்கோடு, ஐந்து’ என்று சொல்லிவிட்டு, எது நாள் எது மாதம் என்பது உறையில் இல்லை என்பதையும் சொல்லுங்கள். மருந்தென்றால் பெயரை எழுத்தெழுத்தாக, மில்லிகிராம் அளவோடு. பாதி தெரிவதை ஊகித்து நிரப்பக் கூடாது. கறுப்பும் கருநீலமும் மஞ்சள் விளக்கில் ஒன்றுபோலவே தெரியும், பகல் வெளிச்சம் விழும் ஜன்னலருகே கொண்டுபோகச் சொல்லுங்கள். திருகு என்றால் கடிகார முள் கணக்கு எளிது: ‘இப்போது மூன்று மணியில் நிற்கிறது, ஐந்துக்குத் திருப்புங்கள்’. தொட்டாலே அழுந்திவிடும் பலகையில் விரலைச் சற்றுத் தூக்கியபடி நகர்த்தி, சரியான இடத்துக்கு மேலே வந்ததும் ‘இறக்குங்கள்’ என்பதுதான் பாதுகாப்பான வழி.

‘எத்தனை வருடமாகப் பார்வை இல்லை?’ என்ற விசாரிப்பு வேண்டவே வேண்டாம். சாலையைக் கடக்கலாமா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள்: கேமராவின் பார்வை குறுகியது, படம் தாமதமாகவும் வரலாம். வெண்கோலின் வேலையை இந்தச் செயலி செய்யாது.

உதவி கேட்பவர் பக்கம் ஒரே ஓர் எச்சரிக்கை. முன்பின் தெரியாதவர் என்பதால் வங்கி அட்டையையும் கடவுச்சொல்லையும் காட்டக் கூடாது. அந்த மாதிரி வேலைக்கு, பயிற்சி பெற்ற ஊழியர்கள் பேசும் ஐரா போன்ற கட்டணச் சேவை பொருத்தம்.

2023இல் சேர்ந்த செயற்கை நுண்ணறிவு வசதி, புகைப்படத்தை எழுத்தில் விவரிக்கிறது. நள்ளிரவில் ஒரு கடிதத்தைப் படிக்கவோ, அறை அலங்கோலமாக இருக்கிறதா என்று கூச்சமின்றிக் கேட்கவோ மனிதரைவிட அதுவே மேல். ஆனால் தவறாகப் படித்தாலும் அதன் தொனி மாறாது. மருந்து, தேதி, மின்கருவி என்று பிசகக் கூடாத இடங்களில் தன்னார்வலரையே அழைப்பது நல்லது. ‘சரியாகத் தெரியவில்லை, இன்னொரு முறை காட்டுங்கள்’ என்று மனிதர் தயங்காமல் கேட்பார்.