டராண்டுலா குட்டிக்கு ஸ்டார்ட்டர் கிட்: எது உதவும், எது கொல்லும்

டராண்டுலா என்னும் மயிரடர்ந்த பெருஞ்சிலந்தியை வளர்ப்பதற்கான 'ஸ்டார்ட்டர் கிட்' பல பெயர்களில் விற்கிறது. பெயர்தான் வேறு, உள்ளே இருக்கும் சாமான் ஏறக்குறைய ஒன்றே: நீளம், அகலம், உயரம் மூன்றும் 20 செ.மீ. உள்ள கண்ணாடித் தொட்டி, கோகோபீட் கட்டி, ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு), தண்ணீர்க் கிண்ணம், கிண்ணத்துக்குள் போட ஸ்பாஞ்சு, முள் வைத்த ஈரப்பதமானி, நீளமான இடுக்கி. வளர்ந்த சிலந்திக்கு இதில் பாதி பொருந்தும். ஆனால் புதிதாக வளர்க்க வருகிறவர்களில் பலர் வாங்குவது குட்டியை. 'ஸ்லிங்' என்பார்கள். காலை விரித்து மூலைக்கு மூலை அளந்தால் ஒன்றரை செ.மீ. இருக்கும். அந்த உருவத்துக்கு இந்த கிட் ஒத்துவராது. அதிலுள்ள ஒரு சாமான் உயிருக்கே உலை வைக்கும்.

இங்கே சொல்வதெல்லாம் கர்லி ஹேர் டராண்டுலாவை மனத்தில் வைத்து. அறிவியல் பெயர் டிலில்டோகாட்டில் அல்போபிலோசஸ். பிராக்கிபெல்மா என்ற பழைய பெயரிலும் விற்கிறார்கள். மத்திய அமெரிக்கச் சிலந்தி. சாது, நன்றாகத் தின்னும், சின்னத் தவறுகளைத் தாங்கும். முதல் சிலந்திக்கு இதைவிட நல்ல தேர்வு குறைவு.

முதலில் தொட்டி. பார்க்க அழகு, குட்டிக்குப் பாலைவனம். விட்ட இரை எங்கோ ஒளிந்துகொள்ளும், குட்டி தின்றதா இல்லையா என்றே தெரியாது. ஈரத்தைக் காப்பதும் கடினம். கதவிடுக்கு வழியாக ஒன்றரை செ.மீ. குட்டி சுலபமாக வெளியேறிவிடும். ஓட்டலில் சட்னி பார்சல் கட்டித் தரும் மூடி போட்ட டப்பா, 100 மில்லி அளவில், போதும். சூடான ஊசியால் பக்கவாட்டிலும் மூடியிலுமாகப் பதினைந்து துளை, ஒவ்வொன்றும் ஒரு மி.மீ. தலைப்பகுதி நுழையும் துளையில் வயிறும் நுழைந்துவிடும், எனவே தலையைவிடச் சிறியதாக இருக்க வேண்டும்.

கிட்டில் உருப்படியான பொருள் கோகோபீட்தான். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறி உலகெங்கும் போகும் அதே தேங்காய் நார்த்தூள். உரம் கலக்காததாக இருந்தால் சரி. 650 கிராம் கட்டியை முழுவதும் ஊறவைத்தால் எட்டு லிட்டர் வரும். ஒரு குட்டிக்கு ஒரு கைப்பிடி போதும் என்பதால் ஓரத்தை உடைத்து எடுத்துக்கொள்ளுங்கள். பதம் முக்கியம்: கையில் பிடித்து அழுத்தினால் கொழுக்கட்டை போல நிற்க வேண்டும், விரலிடுக்கில் ஒரு சொட்டும் வடியக் கூடாது. டப்பாவில் முக்கால் அளவுக்கு அழுத்தி நிரப்பி, சுவரோரமாகப் பென்சிலால் சாய்வாக ஒரு குழி. குட்டி அதைத் தன் வளையாக மாற்றிக்கொள்ளும்.

அதன்பின் நான்கைந்து நாளுக்கு ஒருமுறை, ஒரே ஓரத்தில் மட்டும், மருந்து சொட்டும் பில்லரால் சில சொட்டுகள். அடிமண் ஈரம், மேல்மண் காய்வு: இதுதான் இலக்கு. பெரிய சிலந்தி வறட்சியைத் தாங்கும். குட்டிக்கு மேல்தோல் மெல்லியது, சீக்கிரம் உலர்ந்துபோகும். ஈரப்பதமானியைப் பார்க்கவே வேண்டாம். அது காற்றை அளக்கிறது, குட்டியோ மண்ணுக்குள் இருக்கிறது. டப்பாவின் பக்கவாட்டில் மண் நிறத்தைப் பாருங்கள்: கறுத்த பழுப்பு என்றால் ஈரம், வெளிறினால் தண்ணீர் கேட்கிறது.

உயிருக்கு உலை வைக்கும் சாமான் ஹீட் மேட். கிட்டோடு வரும் கையேடு அதைத் தொட்டிக்கு அடியில் ஒட்டச் சொல்கிறது. காட்டில் வெயில் மேலிருந்து வருகிறது, சூடு தாங்காவிட்டால் சிலந்தி கீழே தோண்டும். அடியில் மேட் இருந்தால் அது தோண்டத் தோண்டச் சூட்டைத்தான் நெருங்கும். அடிமண்ணின் ஈரமும் வற்றிவிடும். 22 முதல் 28 டிகிரி செல்சியஸ் உள்ள அறைக்கு எந்த ஹீட்டரும் வேண்டாம். குளிர்நாடு என்றால் அறையைச் சூடாக்குங்கள். ஸ்பாஞ்சையும் எறிந்துவிடுங்கள், அழுக்கும் பாக்டீரியாவும் சேர்வதைத் தவிர அதனால் பயனில்லை. சுவரில் விட்ட சொட்டிலிருந்தே குட்டி குடித்துக்கொள்ளும்.

உணவைப் பற்றிக் கையேட்டில் இரண்டே வரி, அதுவும் 'சிறிய பூச்சிகள்' என்று. வாரம் ஒன்றிரண்டு முறை, குட்டியின் வயிற்றைவிடப் பெரிதாகாத துண்டு: சுவர்க்கோழியின் பின்னங்கால் அல்லது மீல் புழுவில் (தீனிக்காக விற்கும் வண்டுப் புழு) வெட்டிய துண்டு. இறந்த இரையையும் குட்டி தின்னும். மீல் புழுவை உயிரோடு விட்டால் தலையை நசுக்கியே விடுங்கள்; மண்ணுக்குள் புதைந்து, தோல் உரிக்கும் சிலந்தியைக் கடித்துவிடும். மிச்சத்தை மறுநாளே இடுக்கியால் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பூஞ்சை, பின்னாலேயே சிற்றுண்ணி.

தோலுரிப்பு பற்றிக் கையேட்டில் ஒரு வார்த்தைகூட இல்லை. இந்த கிட்டின் பெருங்குறை இதுதான். குட்டி திடீரென்று தின்பதை நிறுத்தும், வயிறு கறுத்துப் பளபளக்கும், வளை வாயை மண்ணால் அடைத்துக்கொள்ளும். வாரக்கணக்கில் அப்படியே கிடக்கலாம். தோண்டிப் பார்க்காதீர்கள், தண்ணீர் மட்டும் விடுங்கள். பிறகு மல்லாந்து கிடக்கும். செத்துவிட்டது என்று பதறித் தொடாதீர்கள், சட்டை உரிக்கிறது. உரித்ததும் கோரைப்பல் பால்வெள்ளையாக இருக்கும், சிவந்து, பின் கறுக்கும். கறுத்த பிறகே தீனி, குட்டிக்குச் சுமார் ஒரு வாரம்.

அபாயக் குறி வேறு: நிமிர்ந்த நிலையிலேயே கால்களெல்லாம் வயிற்றுக்கடியில் சுருண்டு கிடப்பது. சிலந்தி காலை நீட்டுவது உடல்நீரின் அழுத்தத்தால். நீர் குறைந்தால் கால் மடங்கும். உடனே வாய் படும்படி ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். வயிற்றின் அடியில் நனைக்க வேண்டாம், சுவாச உறுப்பு அங்கேதான்.

இந்தியாவில் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிராக்கிபெல்மா உள்ளிட்ட சில டராண்டுலாக்கள் சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் உள்ளவை. அவற்றை வைத்திருப்போர் 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிய வேண்டும். விற்பவர் பத்திரம் காட்டாவிட்டால் வாங்காதீர்கள்.

எங்கள் முடிவு: கிட்டாக வாங்க வேண்டாம், கோகோபீட்டையும் இடுக்கியையும் தனியாக வாங்குங்கள். குட்டியின் கால்விரிவு ஆறேழு செ.மீ. ஆனதும் அதே கண்ணாடித் தொட்டியை வாங்கலாம். அப்போது மண்ணை 10 செ.மீ.க்குக் குறையாமல் நிரப்புங்கள். மண் ஏறினால் விழும் உயரம் குறையும்; உயரத்திலிருந்து விழுந்தால் வயிறு கிழிந்துவிடலாம். மேல்மூடியின் கம்பி வலையில் கால் நகம் சிக்கும் என்பதால் அதைக் கழற்றி, துளையிட்ட அக்ரிலிக் தகடு பொருத்துங்கள்.