வீட்டுக்கே வரும் நடத்தைப் பயிற்சி: எங்கள் அனுபவத்தில் ஒரு மதிப்பீடு

அடம், ஓயாத துள்ளல், கோபத்தில் கையில் கிடைத்ததை வீசியெறிதல் என்று பிள்ளைகளோடு தினமும் மல்லுக்கட்டும் குடும்பங்களுக்கு வீடு தேடி வந்து பயிற்சியளிக்கும் தனியார் மையங்கள் சென்னையில் இப்போது பல இருக்கின்றன. ஏ.டி.எச்.டி. (கவனக் குறைவும் மிகைத்துடிப்பும் கொண்ட நிலை) இருப்பதாக மருத்துவர் கண்டறிந்த எங்கள் ஐந்து வயது மகனுக்காக அவற்றுள் ஒன்றின் சேவையைப் பெற்றோம். குறைகளையும் சொல்லப்போவதால் மையத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

வீட்டுக்கு வரும் சேவையைத் தேர்ந்ததற்குக் காரணம் எளிது. மையத்துக்கு அழைத்துச் சென்றபோதெல்லாம் அவன் சமர்த்தாக உட்கார்ந்து கட்டைகளை அடுக்கினான். ரகளை முழுவதும் மாலை ஏழு மணிக்கு மேல் எங்கள் சாப்பாட்டு மேசையில்தான் நடந்தது. நான்கு வயது முதல் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மருந்துக்கு முன்பாகப் பெற்றோருக்கான நடத்தை மேலாண்மைப் பயிற்சியையே முதல் சிகிச்சையாக அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல் பரிந்துரைப்பதாக எங்கள் மருத்துவரும் எடுத்துச் சொன்னார்.

வந்த பயிற்சியாளர் தொடக்கத்தில் மகனிடம் அதிகம் பேசவே இல்லை. சமையலறை வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அடம் தொடங்குவதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதன் முடிவில் அவனுக்கு என்ன கிடைத்தது என்று மூன்று பத்திகளில் எழுதிக்கொண்டே இருந்தார். தாம் வராத நாட்களில் அதே தாளை எங்களையும் நிரப்பச் சொன்னார். கட்டணம் கொடுத்து வேடிக்கை பார்க்க வைத்திருக்கிறோமே என்று என் கணவர் முணுமுணுத்தார். பதிவுகள் சேர்ந்த பிறகு பயிற்சியாளர் அவற்றை வரிசையாக மேசைமேல் பரப்பிக் காட்டினார். தட்டு பறந்த பெரும்பாலான மாலைகளில், முன்னறிவிப்பு இல்லாமல் அவன் கையிலிருந்து கைபேசி பிடுங்கப்பட்டிருந்தது. அவன் கத்திய சில நிமிடங்களில் அது அவன் கைக்கே திரும்பியிருந்தது. திருப்பிக் கொடுத்தவர் பெரும்பாலும் என் மாமியார்.

இந்தச் சேவைக்குக் கொடுத்த பணத்தின் மதிப்பு, அதற்குப் பிறகு பயிற்சியாளர் என் மாமியாரிடம் நடந்துகொண்ட விதத்தில் இருந்தது. “குழந்தை தொண்டை வறண்டு கத்துறான், எப்படிம்மா பாத்துக்கிட்டு இருக்கிறது?” என்று மாமியார் கேட்டபோது பயிற்சியாளர் வாதாடவில்லை. “நீங்களே குடுங்க பாட்டி. கத்துறப்ப மட்டும் வேண்டாம், அவன் அடங்கி, வாயால கேட்டதும் குடுங்க” என்றார். கொடுக்கும் உரிமை பாட்டியிடமே இருந்தது, நேரம் மட்டும் மாறியது. கைபேசியை வாங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு மணி அடிக்கும் சிறு கடிகாரம் ஒன்று, மாலை வேலைகளைப் படங்களாக வரைந்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய பட்டை, ஒரு நேரத்தில் ஒரே ஒரு கட்டளை, அதையும் அடுத்த அறையிலிருந்து கூவாமல் பக்கத்தில் போய்ச் சொல்வது ஆகியவைதாம் மற்ற மாற்றங்கள். வழக்கமாகக் கிடைத்துவந்தது நின்றால் அடம் தணிவதற்கு முன் சில காலம் அதிகரிக்கலாம் என்பது இத்துறையில் நன்கறியப்பட்ட உண்மை. அதை முன்கூட்டியே எச்சரித்ததோடு, கீழ்வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைக்கச் சொன்னார். அந்த யோசனை எந்தப் புத்தகத்திலும் இருக்காது என்று நினைக்கிறேன். இன்று பல் துலக்குவதற்கு இன்னும் போராட்டம் உண்டு. இரவுச் சாப்பாடு பெரும்பாலான நாட்களில் சத்தமில்லாமல் முடிகிறது.

குறைகள் சிறியவை அல்ல. பாதியில், எங்களைக் கேட்காமலே, பயிற்சியாளரை மாற்றினார்கள். புதிதாக வந்தவருக்கு இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று கேட்டதற்கு, “எங்களிடமே பயிற்சி பெற்றவர்” என்பதுதான் பதிலாக வந்தது. 1992ஆம் ஆண்டின் மறுவாழ்வுக் கழகச் சட்டப்படி, மருத்துவ உளவியலாளர், சிறப்புக் கல்வியாளர் போன்றோர் பதிவு பெற்றே தொழில் செய்ய வேண்டும். மத்தியப் பதிவேட்டைக் கழகத்தின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். வாரந்தோறும் வந்த அறிக்கையோ முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. வீட்டில் பிள்ளையோடு அதிக நேரம் இருப்பவர் மாமியார்; அவருக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். பலமுறை கேட்ட பிறகும் தமிழில் தரவில்லை.

மூன்று மாதக் கட்டணத்தை மொத்தமாக முன்பணம் கேட்பதும் நெருடலானது. இந்தச் செலவுக்கு எங்களைப் போன்றவர்களுக்குக் கைகொடுக்கும் திட்டம் எதுவும் அமையவில்லை. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை வழங்கும் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு, ஏ.டி.எச்.டி. அதில் அடங்காது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளிலும் அதற்கு இடமில்லை. ஆட்டிசம் அல்லது பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளைகளின் பெற்றோர் பெரிய தொகையைக் கட்டுவதற்கு முன் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்காக இயங்கும் தேசிய நிறுவனத்தை (NIEPMD) ஒருமுறை அணுகலாம். மற்றவர்கள், அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் (பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கவனிக்கும் மையங்கள், DEIC) விசாரிக்கலாம். அங்கே பிள்ளையை நாம்தான் அழைத்துச் செல்ல வேண்டியிருக்கும்.

முதலில் வந்த பயிற்சியாளரே மீண்டும் வந்து தொடர்வதாக எழுத்தில் உறுதி பெற்று, மாதாமாதம் கட்டும் முறைக்கு நாங்கள் மாறிக்கொண்டோம். அறிக்கையை இப்போது அவரே மாமியாரிடம் உட்கார்ந்து தமிழில் படித்துச் சொல்லிவிட்டுப் போகிறார்.