சாயும் சுவர்கள்: ஷிப்ட் லென்ஸா, மென்பொருள் திருத்தமா?

பழமையைக் கலைக்காமல் வைத்திருக்கும் அமைதியான சிற்றூர்களில் படமெடுப்பவருக்கு முதல் சிக்கல் தெருவின் அகலம்தான். மோட்டார் வண்டிகள் வருவதற்கு முன் அமைந்த தெருக்கள் அவை. எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டி நின்றாலும் இரண்டு மாடி வீடு பிரேமுக்குள் அடங்காது. கேமராவை அண்ணாந்து பிடித்தால் வீடு பின்னால் சாயும், சுவர்கள் மேலே போகப் போகக் குறுகும்.

இதற்கு இரண்டு வழிகள். சாதாரண வைட் ஆங்கிள் லென்ஸில் சாய்வாகவே எடுத்துவிட்டு வீட்டில் மென்பொருளில் நிமிர்த்துவது ஒன்று. கேமராவை அசைக்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தக்கூடிய ஷிப்ட் லென்ஸால் எடுக்கும்போதே நிமிர்த்திவிடுவது இன்னொன்று. மூன்று வருடம் முதல் வழியில் எடுத்துவிட்டு இரண்டாவதற்கு மாறியவன் நான். என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இதிலேயே தெரிந்திருக்கும்.

தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வைட் ஜூம் விலை குறைவு, ஆட்டோஃபோகஸ் உண்டு, எல்லாவற்றுக்கும் உதவும். நான் வைத்திருப்பது 2009-ல் வந்த கேனான் 24 மி.மீ. டில்ட்-ஷிப்ட், 780 கிராம் எடை. ஜூம் இல்லை, ஃபோகஸை நாமே கையால் வைக்க வேண்டும். கட்டடம் எங்கும் ஓடிவிடாது என்பதால் இது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை.

என்னை மாற வைத்தது வேறு. ஒரு வீட்டின் கூரை முகப்பில், வலது ஓரத்தில், அதைக் கட்டிய ஆண்டைச் செதுக்கிய கல் இருந்தது. நான்கு இலக்கங்கள், ஒவ்வொன்றின் பள்ளத்திலும் பாசி. வ்யூஃபைண்டரில் அழகாக அடங்கியது. வீட்டுக்கு வந்து சுவரை நிமிர்த்தியபோது கடைசி இரண்டு இலக்கங்கள் வெட்டுப்பட்டுப் போயின. கல்லைக் காப்பாற்றினால் சுவர் சாய்கிறது, சுவரை நிமிர்த்தினால் ஆண்டு போகிறது. அந்த ஆண்டுக்காகத்தான் அந்தப் படத்தையே எடுத்தேன்.

இது கைத்தவறு இல்லை, கணக்கு. முழு பிரேம் கேமராவில் (36×24 மி.மீ. சென்சார் உள்ளது) 24 மி.மீ. லென்ஸை நெட்டுக்குப் பிடித்து சுமார் 15 டிகிரி அண்ணாந்து எடுத்ததாக வைத்துக்கொள்வோம். மென்பொருள் அதை நிமிர்த்தும்போது மேல்பகுதியை இழுத்து விரிக்கிறது, கீழ்ப்பகுதியைச் சுருக்குகிறது. செவ்வகமாக இருந்த படம் தலைகீழ் சரிவகமாகிவிடுகிறது. அதை மறுபடி செவ்வகமாக வெட்டினால், மேல் விளிம்பில் நாம் பார்த்த அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். பழைய வீடுகளின் செதுக்கல், கூரை முனை, ஆண்டுக்கல் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. தெருவில் நிற்கும்போது எது தப்பும், எது போகும் என்று கண்ணால் சொல்ல முடியாது. என் மனதைத் தீர்மானித்தது இந்த ஒரு விஷயம்தான்.

ஷிப்ட் லென்ஸில் கேமரா நேராகவே நிற்கும். லென்ஸ் மட்டும் 12 மி.மீ. வரை மேலே நகரும். கேமராவைப் படுக்கைவாக்கில் பிடித்து முழுவதும் உயர்த்தினால் அடிவானம் பிரேமின் கீழ் விளிம்புக்கே வந்துவிடும். பாதிப் படத்தைத் தின்றுகொண்டிருந்த சாலை காணாமல் போய், அந்த இடம் முழுக்கக் கூரைக்குக் கிடைக்கும். பார்ப்பதுதான் படம், ஓரம் எதுவும் பிறகு பறிபோகாது.

யுக்தி பழையது. பழைய பாரிஸின் தெருக்களைப் படமாக்கிய யூஜீன் அட்ஜே (1857–1927) 18×24 செ.மீ. கண்ணாடித் தகடு கேமராவில் லென்ஸை இப்படித்தான் உயர்த்தினார். அவருடைய பல படங்களில் மேல் மூலைகள் வளைவாகக் கறுத்திருக்கும். லென்ஸின் ஒளிவட்டம், அதாவது அது உள்ளே விழவைக்கும் வட்டமான பிம்பம், தகட்டின் மூலைவரை எட்டாததன் தடம் அது. இன்றைய ஷிப்ட் லென்ஸ்களை இதற்காகவே பெரிய ஒளிவட்டத்தோடு செய்கிறார்கள்; முழு ஷிப்டிலும் மூலைகள் லேசாகத்தான் மங்குகின்றன.

ஆனால் இது மந்திரம் இல்லை. வடிவக் கணக்கில் இரண்டு வழியும் ஒன்றுதான்: அளவுக்கு மீறி உயர்த்தினால் மாடம் நீண்டு, உருண்டை விளக்கு முட்டையாகிவிடும். நான் பெரும்பாலும் 8 மி.மீ.யோடு நிறுத்திக்கொள்கிறேன். டிஎஸ்எல்ஆரில் ஷிப்ட் செய்த பிறகு வெளிச்ச அளவீடு தவறும். எக்ஸ்போஷரை முதலில் வைத்துவிட்டு அப்புறம் நகர்த்த வேண்டும். முக்காலி இல்லாமலும் எடுக்கலாம், கேமராவின் மட்டக்கோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும். டில்ட் பக்கத்தை, அதாவது லென்ஸைச் சாய்க்கும் வசதியை, நான் அதிகம் தொட்டதில்லை, அதனால் அதைப் பற்றிப் பேச எனக்கு அனுபவம் போதாது. ஆட்கள் நடமாடும் காட்சிக்கு இன்றும் ஜூமைத்தான் எடுக்கிறேன்.

லென்ஸ் வாங்க மனமில்லாதவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. 14 மி.மீ. வைட் லென்ஸை நெட்டுக்கு, சற்றும் அண்ணாக்காமல் நேராகப் பிடியுங்கள். கூரை உள்ளே வந்துவிடும், கோடுகளும் நேராக இருக்கும். தேவையில்லாத தரையைப் பிறகு வெட்டிவிடலாம். 24 மெகாபிக்சல் கேமராவில், முழு ஷிப்டில் 24 மி.மீ. லென்ஸ் தரும் அதே பிரேமுக்கு எட்டு மெகாபிக்சல் போல மிஞ்சும். திரையில் மட்டும் பார்க்கப் போகிற படம் என்றால் அது தாராளம். சுவரில் பெரிதாக மாட்டி, ஆண்டுக்கல்லின் பாசிவரை தெரிய வேண்டும் என்றால்தான் ஷிப்ட் லென்ஸ் தேட வேண்டும்.