வளைய ஆல்பத்தில் ஒன்பது வருடம்: என் தபால் அட்டைகள்

போன வாரம் தோழி ஒருத்தி போனில் கேட்டாள்: "நீ வச்சிருக்கியே கார்டு ஆல்பம், அது இப்போ விலை குறைஞ்சிருக்கு. வாங்கலாமாடி?" அப்போது ஏதோ இரண்டு வரியில் பதில் சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரியே அந்த ஆல்பத்தில் இன்னொரு தாள் கிழிந்தது. சரி, முழுசாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

என்னிடம் 700-க்குக் கொஞ்சம் மேல் அட்டைகள் இருக்கின்றன. பாதி அப்பாவும் உறவுக்காரர்களும் எழுதிய 15 பைசா கார்டுகள். மீதி படத் தபால் அட்டைகள்: போஸ்ட்கிராசிங் என்ற அட்டை பரிமாறும் இணையதளம் வழியாக முகம் தெரியாதவர்கள் அனுப்பியவை, பழைய புத்தகக் கடைகளில் பொறுக்கியவை. இப்போது சொல்லப்போவது நான்கு வளையம் வைத்த கெட்டி அட்டை ஃபைலையும், அதில் கோக்கும் நான்கு பை வைத்த பிளாஸ்டிக் தாள்களையும் பற்றி.

முதலில் வளையத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கோபம் ஆறாது. புதிதில் வளையத்தின் இரு முனையும் கச்சிதமாக முட்டி நிற்கும். இரண்டாவது வருடத்தில் ஒரு நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்தது. ஒவ்வொரு தாளைப் புரட்டும்போதும் துளையின் விளிம்பு அந்த இடைவெளியில் மாட்டும். மெதுவாக எடுத்து விட்டால் பிழைக்கும். பேச்சு சுவாரஸ்யத்தில் புரட்டினால் 'சர்'ரென்று கிழியும். குறடு வைத்து அழுத்திப் பார்த்தேன், ஒரு மாதம் தாங்கியது. துளையைச் சுற்றி ஒட்டும் வட்ட ஸ்டிக்கர் போட்டேன், அதுவும் சேர்ந்து கிழிந்தது. நியாயமாகப் பார்த்தால் என் பங்கும் இதில் உண்டு. 60 தாள் போட்டால் 240 கார்டு; ஃபைலை அலமாரியில் நிற்க வைத்தால் அத்தனை எடையையும் அந்த நாலு கம்பிதான் தாங்க வேண்டும். 30 தாளோடு நிறுத்திய இன்னொரு ஃபைல் இன்றைக்கும் பரவாயில்லை. ஆனால் 60 தாள் பிடிக்கும் என்று விற்றவர்கள் அவர்கள்தானே?

அளவுப் பிரச்சினை ஒன்றும் உண்டு. வெளிநாட்டுக் கார்டுகளில் நிறைய ஏ6 அளவில் வரும், அதாவது ஏ4 தாளில் சரியாகக் கால்வாசி. அப்படி நான்கு பையும் துளை போடும் ஓரமும் சேர்ந்தால் தாள் ஏ4-ஐவிட அகலமாகத்தான் இருக்கும். சாதாரண ஆபீஸ் ஃபைலில் போட்டால் வெளியே துருத்திக்கொண்டு ஓரம் மடங்கும். இதற்கென்றே அகலமாகச் செய்த ஃபைல் வேண்டும். நம் ஊர் கார்டு 14 × 9 செ.மீ.தான், அது பைக்குள் லொடலொடவென்று ஆடும். பின்னால் ஒரு வெள்ளைத் தாள் வைத்து இறுக்கலாமே என்பார்கள். வைத்தால் பின்பக்கம் மறைந்துவிடும். அந்தப் பின்பக்கத்துக்காகத்தான் நான் இந்த ஆல்பத்தையே வைத்திருக்கிறேன்.

இதன் சுகமும் அங்கேதான் இருக்கிறது. ஒரு பைக்கு ஒரு கார்டு மட்டும் போட்டால், இந்தப் பக்கம் படம், தாளைப் புரட்டினால் கையெழுத்து, முத்திரை, தபால்தலை. இடம் மிச்சம் பிடிக்க இரண்டு கார்டை முதுகோடு முதுகாகப் போடுபவர்கள் இதைப் பாதி இழக்கிறார்கள். இங்கிலாந்தில் 1902 வரை பின்பக்கத்தில் முகவரி மட்டும்தான் எழுதலாம். சேதியைப் படத்தின் ஓரத்தில்தான் நுணுக்கி எழுத வேண்டும். அந்தக் காலத்துக் கார்டை எந்தக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டினாலும் சேதி கண்ணில் படும். அப்பாவின் கார்டு அப்படியில்லை. ஒரு பக்கம் முழுக்க எழுதி, "நிற்க" போட்டு மறுபடி தொடங்கி, இடம் தீர்ந்ததும் ஓரத்தில் பக்கவாட்டில் ஏறி, முகவரிப் பக்கத்தின் பாதியில் போய் முடிப்பார். அதைப் படிக்கக் கையில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். பையிலிருந்து எடுக்காமலே அப்படிப் படிக்க முடிகிறது என்பதற்காக இந்த ஆல்பத்துக்கு எவ்வளவோ மன்னிப்பேன்.

இதற்கு முன் வாங்கிய ஆல்பத்தை மட்டும் மன்னிக்கவே மாட்டேன். பிரித்ததுமே புது மழைக்கோட்டு வாசனை அடித்தது. இரண்டாவது ஐப்பசி அடைமழையில் கார்டுகள் பையோடு ஒட்டிக்கொண்டன. உரித்து எடுத்தபோது பாட்டியின் நீல மை பிளாஸ்டிக்கில் தங்கிவிட்டது. அது பி.வி.சி. பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் ரசாயனம் வெளியே கசிந்து மையை இளக்கிவிடும். அதற்கப்புறம் எந்தத் தாள் வாங்கினாலும் மூலையில் ஒரு துணுக்கு வெட்டி, தம்ளர் தண்ணீரில் விரலால் அமுக்கிப் பார்க்கிறேன். மேலே மிதந்து வந்தால் பாலிபுரொப்பிலீன் வகை, நம்பலாம். மூழ்கினால் பி.வி.சி.யாக இருக்கலாம். நல்ல பாலியெஸ்டரும் மூழ்கும்தான், ஆனால் வித்தியாசம் தெரியாமல் பாட்டியின் இன்னொரு கார்டை வைத்துச் சோதிக்க எனக்கு மனமில்லை.

பூச்சிக்கு வசம்புத் துண்டு, ஈரத்துக்கு சிலிக்கா ஜெல் பொட்டலம். ராமபாணப் பூச்சி இதுவரை வரவில்லை. பாச்சை உருண்டை போட்டால் கார்டு முழுக்க அந்த நாற்றம், வேண்டாம்.

சுவரில் மாட்டும் ஆசையும் இருந்தது. மேற்குச் சுவரில் சணல் கயிறு கட்டி, குட்டி கிளிப் போட்டு இருபது கார்டு தொங்கவிட்டேன். இரண்டு கோடை தாண்டியதும் படங்களில் சிவப்பும் மஞ்சளும் வெளுத்து எல்லாம் நீலம் பாரித்துவிட்டன. அதைவிட வலித்தது அத்தை கல்யாணம் நிச்சயமான சேதி வந்த கார்டு. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. துணியில் பட்ட மஞ்சள் கறை வெயிலில் காய்ந்தால் போய்விடும் என்று நமக்கெல்லாம் தெரியும். கார்டு விஷயத்தில் எனக்கு அது தோன்றவில்லை. இப்போது மூலைகள் வெறும் பழுப்பாக இருக்கின்றன.

அதனால் இப்போது சுவருக்குப் போவதெல்லாம் கலர் நகல், இரண்டு பக்கமும் எடுத்து அருகருகே. அசல் ஒன்றே ஒன்று மட்டும் சட்டத்தில், வெயில் படாத உள் அறையில் இருக்கிறது: சென்னையின் பழைய மூர் மார்க்கெட் படம். 1985-இல் எரிந்துபோன கட்டடம். சட்டம் போடும்போது கண்ணாடி கார்டைத் தொடாதபடி நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். சென்னை ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டினால் பிரிக்க முடியாது.

நூலகத்து அட்டவணைப் பெட்டி வாங்கலாமா என்றும் தோழி கேட்டாள். அதன் கார்டு 12.5 × 7.5 செ.மீ., தபால் அட்டை உள்ளே நுழையாது. காயலான் கடையில் ஒன்று வாங்கிவந்து அப்புறம்தான் அளந்தேன். இப்போது அதில் தையல் சாமான். தடித்த அட்டையில் அளவெடுத்துச் செய்த ஷூ பெட்டி மாதிரி ஒன்றில் 300 கார்டு நெட்டுக்குத்தாக நிற்கின்றன. வருடத்துக்கு ஒரு தடுப்பு அட்டை. எந்தக் கார்டையும் அரை நிமிஷத்தில் எடுக்கலாம். வளையம் கிடையாது.

ஆக, தோழிக்கு என் பதில்: வாங்காதே. இவ்வளவு பாராட்டிவிட்டு இப்படிச் சொல்வது நியாயமில்லை என்று தெரியும். ஒரு மாதம் கழித்துக் கேட்டிருந்தால் வாங்கிக்கோ என்றே சொல்லியிருப்பேன். ஆனால் கிழிந்த தாளின் நாலு கார்டும் இன்னும் மேஜை மேல்தான் கிடக்கின்றன. மேலாக இருப்பது அப்பா நான் ஹாஸ்டலுக்குப் போன முதல் வாரம் எழுதியது. அதைத் திரும்ப அந்த வளையத்துக்குள் கோக்க எனக்குக் கை வரவில்லை.