செம்பனை ஆலைப் பம்பில் 17-4 பிஎச் தண்டு: ஆறு வருடம் ஓட்டிப் பார்த்தது

மலேசியாவில் தெலுக் இந்தான் பக்கம் ஒரு தோட்டத்துச் செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருக்கிறேன். எண்ணெய் பிரித்தபின் வரும் கசடு சூடாகவும் புளிப்பாகவும் இருக்கும், குலையோடு வந்த மணலும் அதில் கலந்திருக்கும். அதைத் தள்ளும் பம்பில் முன்பு 316 என்ற துருப்பிடிக்காத எஃகு ரகத்தில் தண்டு (ஷாஃப்ட்) போட்டிருந்தோம். துரு பிடிக்கவில்லை, உண்மைதான். ஆனால் கிளாண்டு பேக்கிங், அதாவது தண்டைச் சுற்றி ஒழுக்கை அடைக்கும் திணிப்பு, உரசும் இடத்தில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்துவிடும். அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும்.

அதனால்தான் 17-4 பிஎச்சுக்கு மாறினேன். இதுவும் துருப்பிடிக்காத எஃகுதான், ஆனால் சூடு கொடுத்துக் கடினமாக்கும் ரகம். குரோமியம் 15 முதல் 17.5 சதவீதம், நிக்கல் 3 முதல் 5, செம்பும் 3 முதல் 5. விஷயமே அந்தச் செம்பில்தான். சரியான சூட்டில் வைத்தால் அது கண்ணுக்குத் தெரியாத துகள்களாக உள்ளே திரண்டு உலோகத்தை இறுக்கிவிடும்.

தண்டு கடைய வாங்கிய உருட்டுக் கம்பி வந்த அன்றே எங்கள் ஃபோர்மேன் அண்ணன் காந்தத்தை வைத்துப் பார்த்தார். "ஒட்டுதே தம்பி, கடைக்காரன் இரும்பைக் குடுத்து ஏமாத்திட்டான் போல!" ஏமாற்றவில்லை. இந்த ரகம் காந்தத்தில் ஒட்டத்தான் செய்யும்.

ஏமாந்தது வேறு இடத்தில். முதல் தண்டு நான்கே மாதத்தில் கீவேயில், அதாவது சாவிக்கட்டை உட்காரும் பள்ளத்தில், முறிந்தது. முறிந்த முகத்தைக் கழுவிப் பார்த்தேன். கீவேயின் கூர்மூலையில் கிளம்பிய விரிசல் பாதிவரை கறுத்திருந்தது, மீதிப் பாதி புதிதாய் மினுங்கியது. கம்பியோடு வந்த சான்றிதழைத் தேடி எடுத்தால் 'கண்டிஷன் ஏ' என்று போட்டிருக்கிறது. அதாவது 1040 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடாக்கி ஆறவிட்டது மட்டும். செம்பு திரளும் இரண்டாவது சூடு கொடுக்கவே இல்லை. அந்த நிலையில் இதை வேலைக்குப் போடவே கூடாது, எளிதில் விரிசல் விடும். கடினத்தை அளந்தும் கண்டுபிடிக்க முடியாது. இதுவும் முப்பதுகளில் ராக்வெல் சி காட்டும், சூடு கொடுத்த கம்பியும் பல நேரம் முப்பதுகளில்தான் காட்டும். காகிதத்தைப் படித்திருந்தால் நானே பிடித்திருப்பேன்.

அடுத்த தண்டை எச்1150 நிலைக்குக் கொண்டுபோனேன். அந்த எண் இரண்டாவது சூட்டின் ஃபாரன்ஹீட் அளவு, நம் செல்சியஸ் கணக்கில் 621 டிகிரி. ஈப்போவில் ஒரு பட்டறையில் நான்கு மணி நேரம் வைத்துக் கொடுத்தார்கள். கம்பி பழுப்பேறி வந்தது, அதைவிட முக்கியம், சுருங்கியும் வந்தது. மீட்டருக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர், 60 மில்லிமீட்டர் விட்டத்தில் 0.06 அளவு. கொஞ்சம் கூடுதல் அளவு விட்டுக் கடைந்திருந்ததால் பிழைத்தேன். முழு அளவில் கடைந்து அனுப்பியிருந்தால் பேரிங் உட்காரும் இடம் லொடலொடத்திருக்கும். கீவே மூலைகளையும் இந்த முறை உருட்டிவிட்டேன்.

எச்900 இன்னும் கடினம்தானே என்று பலர் கேட்கிறார்கள். இழுவிசைக்கு 1170 மெகாபாஸ்கல் வரை வளையாமல் நிற்கும். ஆனால் அடி தாங்காது, உப்பும் விசையும் சேர்ந்தால் விரிசலும் சீக்கிரம் வரும். எச்1150 குறைந்தது 725 தரும். 316க்கு அது 205தான். கசடு பம்புக்கு இதுவே தாராளம்.

அந்த இரண்டாவது தண்டு ஆறாவது வருடமாக ஓடுகிறது. பேக்கிங் இடத்தில் கோடு விழுந்திருக்கிறது, நகம் மாட்டவில்லை. நட்டு மாட்டும்போது மட்டும் மரையில் இறுகிப்பிடிக்காத பசை தடவாமல் விடாதீர்கள். ஒருமுறை மறந்து, நட்டை அறுத்துத்தான் எடுத்தேன். 300 டிகிரிக்கு மேல் தொடர்ந்து சூடு படும் இடத்துக்கும் இது ஆகாது, நாளாக நாளாக நொறுங்கும் தன்மை வந்துவிடும்.

இப்போதெல்லாம் எச்1150 நிலையிலேயே கம்பி வாங்கி நேராகக் கடைந்துவிடுகிறேன். 316ஐவிட வெள்ளி (ரிங்கிட்) கூடத்தான் ஆகிறது, ஆனால் ஈப்போ அலைச்சல் இல்லை.

பாகான் டத்தோவில் மச்சானின் இறால் குளத்துப் பம்புக்கும் இதையே போட்டுக் கொடுத்தேன். அது தப்பு. பம்பு நின்றிருந்த நாள்களில் தேங்கிய உப்புத்தண்ணீர் பேக்கிங்குக்கு அடியில் ஊசி குத்தியதுபோல் குழி குழியாகத் தின்றுவிட்டது. அங்கே உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும் டூப்ளெக்ஸ் எஃகுத் தண்டு மாற்றிக் கொடுத்திருக்கிறேன்.