பேட்ஜைக் கொடுத்த பிறகு: நடிப்பா, ஆலோசகர் வேலையா?

அமெரிக்க மத்திய அரசின் புலனாய்வு அமைப்பு ஒன்றில் 25 வருடம் வேலை பார்த்துவிட்டு 2013 கடைசியில் ஓய்வு பெற்றேன். முதலில் படப்பிடிப்புகளுக்கு ஆலோசகராகப் போனேன், அப்புறம் நடிக்க ஆரம்பித்தேன். ஓய்வை நெருங்கும் நண்பர்கள் எது நல்லது என்று கேட்கிறார்கள். என் ஓட்டு நடிப்புக்குத்தான்.

பணம் இதைத் தீர்மானிப்பதில்லை. முதல் 20 வருடத்துக்கு வருடம் 1.7 சதவீதம், மிச்சத்துக்கு 1 சதவீதம் என்று கணக்கிட்டால், அதிகச் சம்பளம் வாங்கிய மூன்று வருடங்களின் சராசரியில் 39 சதவீதம் ஓய்வூதியமாக வருகிறது. மருத்துவக் காப்பீடும் தொடர்கிறது. வேஷமே கிடைக்காத வருடத்திலும் அடுப்பு எரியும். மற்ற நடிகர்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை.

தீர்மானிப்பது வேறு: நாம் விற்கும் சரக்கு எத்தனை நாள் தாங்கும்?

2014 இலையுதிர் காலத்தில் ஒரு விசாரணைக் காட்சி. மேசையில் ரெக்கார்டர் இருந்தது. "அதை எடுத்துவிடுங்கள், நாங்கள் கையால் குறிப்பெடுத்து அறிக்கை எழுதுவோம்" என்றேன். என் பணிக்காலம் முழுக்க அதுதான் நடைமுறை. ஆனால் அந்த ஜூலையிலேயே மத்திய அரசின் நீதி அமைச்சகத்தின் புதிய கொள்கை நடைமுறைக்கு வந்திருந்தது: காவலில் இருப்பவரை விசாரித்தால் பொதுவாகப் பதிவு செய்ய வேண்டும். பணியில் இருந்த பழைய சகா ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. மறுநாள் காலை இயக்குநரைக் கூப்பிட்டேன்; காட்சி எடுத்து முடித்துவிட்டார்கள். என் பேச்சை நம்பி எடுத்த காட்சி அது. இன்றும் மனசு வலிக்கிறது.

அதோடு நிற்கவில்லை. கைபேசியின் பழைய இருப்பிடப் பதிவுகளைப் பெற வாரண்ட் வேண்டும் என்று 2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. திட்டமிட்ட கைது, சோதனைகளில் உடல் கேமரா அணிய 2021-இல் உத்தரவு வந்தது. ஒவ்வொன்றும் காட்சியையே மாற்றுகிறது. தீர்ப்புகளைப் படிக்கலாம், ஆனால் உள்ளே தினமும் எப்படி நடக்கிறது என்பதைப் பணியில் இருப்பவர்களிடம் துருவிக் கேட்பது முறையல்ல. நமக்குத் தெரிந்ததிலும் எல்லாவற்றையும் சொல்ல முடியாது, ரகசியக் காப்பு ஓய்வுக்குப் பிறகும் தொடர்கிறது.

நடிப்பில் இந்தத் தேய்மானம் இல்லை. கதவுக்கு நேரே நிற்காமல் ஓரமாக நிற்பது, பேசும்போதே எதிராளியின் கைகளைக் கவனிப்பது, கேள்வியைக் கேட்டுவிட்டு வாய் திறக்காமல் காத்திருப்பது. இதெல்லாம் உடம்பில் ஊறியவை, எந்தச் சுற்றறிக்கையும் மாற்றாது. அந்தக் காத்திருப்பைத்தான் இயக்குநர்கள் என்னிடம் அதிகம் கேட்கிறார்கள். வயதானால் துப்பறிவாளர் வேஷம் போய் நீதிபதி வேஷம் வரும், அவ்வளவுதான். ஆனால் வசனத்தை இயல்பாகப் பேச எனக்கு இரண்டு வருடப் பயிற்சி தேவைப்பட்டது. பேட்ஜ் அதைக் கற்றுத் தராது.

டென்னிஸ் ஃபரினாவின் பாதை தெரிந்ததே: சிகாகோ நகரப் போலீசில் 18 வருடம், திரைப்பட இயக்குநர் மைக்கேல் மானுக்கு ஆலோசனை, 1981-இல் சின்ன வேஷம், பிறகு முழுநேர நடிகர். அவர் பணியில் இருந்தபடியே நடிக்கத் தொடங்கினார். மத்திய அமைப்பில் இருப்பவர்கள் முன்அனுமதி வாங்காமல் அதைச் செய்யப் பார்க்காதீர்கள்.

ஒரே ஒரு இடத்தில் ஆலோசகர் வேலை ஜெயிக்கிறது. உங்கள் வழக்கே கதையாக இருந்தால் சரக்கு பழசாகாது. போதைப்பொருள் கடத்தல் தலைவன் பாப்லோ எஸ்கோபாரைத் துரத்திய அமெரிக்க அதிகாரிகள் ஸ்டீவ் மர்ஃபியும் ஹாவியர் பென்யாவும் 2015-இல் வந்த ‘நார்கோஸ்’ தொடருக்கு ஆலோசகர்கள். எனக்கு அப்படி ஒரு வழக்கு இல்லை.

என் அனுபவம் அட்லாண்டா வட்டாரத்தோடு சரி. வேஷங்கள் பெரும்பாலும் ஒருநாள் வேலைதான். லாஸ் ஏஞ்சல்ஸில் போட்டி எப்படியோ, அங்கே இருப்பவர்களைக் கேளுங்கள். ஆலோசனை கேட்டு இன்னும் அழைப்பு வருகிறது. 2013-க்கு முன் நடக்கும் கதை என்றால் மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.