ராஜபாளையமா, சிப்பிப்பாறையா: வீட்டில் வளர்க்க எது ஏற்றது?

விருதுநகர் மாவட்டத்து ஊர்களின் பெயர் தாங்கிய ராஜபாளையம், சிப்பிப்பாறை ஆகிய இரண்டு வேட்டை நாய்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வருவோர், பெரும்பாலும் நிறத்தையும் உயரத்தையும் பார்த்தே முடிவெடுக்கின்றனர். அந்த நாய் எந்த விலங்கைத் துரத்துவதற்காக வளர்க்கப்பட்டது என்பதை முதலில் கேட்பதே முறை. அதன் குணத்தில் பாதி அந்த விடையில் இருக்கிறது.

ராஜபாளையம் காட்டுப்பன்றி வேட்டைக்குப் பேர்பெற்றது. திரும்பி வந்து முட்டக்கூடிய விலங்கின் முன் நிற்பதற்கு வேகம் மட்டும் போதாது. கனத்த எலும்பும் பின்வாங்காத பிடிவாதமும் வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அந்த வேட்டைக்கு இடமில்லாமல் போனாலும், அதே துணிவு காவலாகத் தொடர்கிறது. வீட்டில் ஒருவரையே தலைவராக ஏற்றுக்கொண்டு, புதியவர் தன்னைத் தொடுவதைச் சற்றும் விரும்பாத நாய் இது. உறவினர் வந்துபோய்க்கொண்டே இருக்கும் வீட்டில், குட்டிப் பருவத்திலேயே பலருடன் பழக்காவிட்டால், வளர்ந்த பிறகு ஒவ்வொரு விருந்தினர் வருகையும் ஒரு சோதனைதான்.

சிப்பிப்பாறையின் இரை முயல். மோப்பத்தைவிடப் பார்வையை நம்பி, கரிசல் வெளியில் ஓடுவதைக் கண்டதும் பாய்ந்து பிடிப்பதே அதன் தொழில். ஒடிசலான உடல், ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு எல்லாம் அதற்காக அமைந்தவை. வீட்டுக்குள் இது வியக்கத்தக்க அமைதியுடன் இருக்கும். அதிகம் குரைக்காது, நாளின் பெரும்பகுதி படுத்தே கிடக்கும். ஆனால் தெருவில் ஒரு பூனை ஓடினால், நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் ஏறாது. தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே பருமனாக இருப்பதால் சாதாரணக் கழுத்துப்பட்டை எளிதில் நழுவிவிடும் என்பதையும், தாழ்ந்த சுற்றுச்சுவர் இதற்கு ஒரு பொருட்டே அல்ல என்பதையும் வாங்குமுன் எண்ணிப்பார்க்க வேண்டும். (கறுப்பு உடலில் பழுப்புத் திட்டுகள் கொண்ட ‘கன்னி’ என்னும் நாய் தனி இனமா, நிறம் மாறிய சிப்பிப்பாறையா என்ற வாதம் வளர்ப்போரிடையே ஓயவில்லை, வீட்டில் வளர்ப்பவருக்கு அதனால் பெரிய வேறுபாடு இல்லை.)

பராமரிப்பில் இரண்டுக்கும் குட்டையான மயிர்தான். அதிகம் சீவ வேண்டியதில்லை.

ஆரோக்கியத்தில் ராஜபாளையம் பின்தங்குகிறது. பால்வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் இருந்தால்தான் அசல் என்ற மோகத்தால் நிறமுள்ள குட்டிகள் ஒதுக்கப்பட்டு, வெள்ளையோடு வெள்ளையே இணை சேர்க்கப்பட்டன. நிறமி இல்லாமையோடு பிறவிச் செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வரக்கூடும் என்பதால், அந்த மோகத்தின் விலையைக் குட்டிகளே கொடுக்கின்றன. 2005ஆம் ஆண்டு அஞ்சல்தலையில் இடம்பெற்ற பெருமைமிக்க இனத்துக்கு இந்த நிலை நேர்ந்தது வருத்தத்துக்குரியது.

சுற்றுச்சுவர் உயர்ந்த தனி வீடும், பழக்குவதற்குப் பொறுமையும் இருப்பவருக்கே ராஜபாளையத்தைப் பரிந்துரைப்பேன். முதன்முறையாக நாய் வளர்ப்பவர், நாள்தோறும் ஓடவிட வேலியிட்ட இடம் இருந்தால், சிப்பிப்பாறையைத் தேர்வதே நல்லது. ராஜபாளையம்தான் வேண்டும் என்பவர், குட்டியை மற்றக் குட்டிகளிடமிருந்து பிரித்து, அது பாராத பக்கம் நின்று கைதட்டிப் பார்த்துவிட்டு, ஐயம் இருந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டிய பிறகே முன்பணம் கொடுக்கவும்.